வேற்றுமை மயக்கம்: ஒரு படிவத்தை வாசித்தல்

கனடாவில் ஒரு நகரத்தில் நீதிமன்றத்துக்கும் நன்னடத்தை அலுவலகத்துக்கும் தமிழ் மொழிபெயர்ப்பாளராகப் போய்வருகிற நண்பர் ஒருவர் எனக்கு இருக்கிறார். யாழ்ப்பாணத்துக்காரர், என்னைவிட மூத்தவர். போன வருஷம் ஒரு ராத்திரி கூப்பிட்டு, "தம்பி, ரிஸ்க் எண்டதுக்குத் தமிழிலை என்ன சொல்லுவியள்?" என்றார். நான் ஏதோ ப்ரூஃப் பார்த்துக்கொண்டிருந்தேன். "இடர்னு எழுதுறாங்கண்ணே. ஆனா எதிர்ல உட்கார்ந்திருக்கிற ஆளுக்கு ஆபத்துன்னு சொன்னாத்தான் புரியும்" என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டேன். தமிழ் எம்.ஏ. படித்தவனிடம் வாரத்துக்கு ஒருவராவது இப்படிச் சொல் கேட்பார்கள். சொல்லைக் கேட்பார்களே ஒழிய உருபைக் கேட்கமாட்டார்கள். ஆபத்து சரி. அவனுக்கா, அவனாலா? எனக்கும் அன்றைக்கு அது தோன்றவில்லை. அதற்கு வருகிறேன்.

என்ன படிவம் அது என்று பிற்பாடு தேடி வாசித்தேன். வாசிக்க வாசிக்க, இதை ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டு பேச வேண்டிய தேவை இருக்கிறது என்று பட்டது. நாவலையும் கவிதையையும் மட்டும் கட்டுடைத்துக்கொண்டிருக்கிறோம். ஆட்களின் வாழ்க்கையைத் தீர்மானிக்கிற எழுத்து வேறு இடங்களில், ஆசிரியர் பெயர்கூட இல்லாமல் உற்பத்தியாகிறது.

முதலில் ஒரு விளக்கம். நம்மூரில் பரோல் என்றால் சிறையில் இருப்பவர் சாவுக்கோ கல்யாணத்துக்கோ சில நாள் வந்துபோகிற விடுப்பு. வட அமெரிக்காவில் அப்படி இல்லை. தண்டனையில் ஒரு பகுதியை உள்ளே கழித்துவிட்டு மீதியை வெளியே, அதிகாரியின் கண்காணிப்பில் கழிப்பது பரோல். சிறைக்குப் போகாமல் அல்லது போனது போக, கண்காணிப்பில் காலந்தள்ளுவது புரொபேஷன். இரண்டிலும் அதிகாரி முன்னால் அவ்வப்போது போய் நிற்க வேண்டும். எத்தனை நாளுக்கு ஒருமுறை, என்னென்ன நிபந்தனை, எந்தச் சிகிச்சை, எந்த வகுப்பு என்பதைத் தீர்மானிக்க ஒரு மதிப்பெண் வேண்டும். அந்த மதிப்பெண்ணைக் கொடுப்பதுதான் இடர் மதிப்பீட்டுக் கருவி. கருவி என்றால் இரும்புச் சாமான் ஒன்றும் இல்லை. கேள்விப் பட்டியல்.

இவற்றில் பெயர்பெற்றது ஒட்டாவாவில் இருக்கும் கார்ல்டன் பல்கலைக்கழகத்து உளவியலாளர் டான் ஆண்ட்ரூஸ், ஜேம்ஸ் போன்டாவுடன் சேர்ந்து வளர்த்தெடுத்த பட்டியல். ஒன்டாரியோ மாகாணத்தின் நன்னடத்தை அலுவலகங்களில் பிறந்து, 1995இல் திருத்திய வடிவில் வெளியாகி, இன்று உலகத்தின் பல நாடுகளில் அதன் வெவ்வேறு வடிவங்கள் புழங்குகின்றன. அதன் பெயர் 'லெவல் ஆஃப் சர்வீஸ் இன்வென்டரி'. சேவையின் அளவைக் கணிக்கும் பட்டியல் என்று தமிழில் சொல்லலாம். சேவையாம்! யாருக்குச் சேவை? எதிரே உட்கார்ந்திருப்பவனுக்கு. பெயரிலேயே நான்காம் வேற்றுமை ஒளிந்திருக்கிறது. நான்காம் வேற்றுமையின் முதற்பொருள் கொள்வோன் என்று நம் இலக்கணம் சொல்கிறது. அந்தப் பெயரின்படி அவன் கொள்வோன்.

உள்ளே போனால் வேறு கதை. மொத்தம் 54 கேள்விகள், பத்துப் பிரிவுகள். பாதகமான பதில் ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். நம் பள்ளிக்கூடக் கணக்குக்கு நேர்மாறு, மதிப்பெண் ஏற ஏற ஆள் மோசம். முதல் பத்துக் கேள்விகள் பழைய வழக்குகள், பழைய தண்டனைகள் பற்றியவை. அதை விட்டுவிடுவோம், குற்றவியல் கருவி என்றால் அதைக் கேட்கத்தான் கேட்கும். அதற்கப்புறம் வருவதைப் பாருங்கள். இப்போது வேலை இல்லாமல் இருக்கிறாரா? ஒரே வேலையில் ஒரு வருஷம் முழுசாக இருந்ததே இல்லையா? வேலையை விட்டுத் துரத்தப்பட்டிருக்கிறாரா? பத்தாம் வகுப்பைத் தாண்டவில்லையா? பள்ளியில் எப்போதாவது இடைநீக்கம் செய்தார்களா? அரசு உதவிப்பணத்தை நம்பி வாழ்கிறாரா? பெற்றோரோடு உறவு சரியில்லையா? குடும்பத்தில் வேறு யாராவது குற்றவாளியா? ஒரு வருஷத்துக்குள் மூன்று முறையோ அதற்கு மேலோ வீடு மாறினாரா? குடியிருப்பது குற்றம் மலிந்த பகுதியிலா? ஆள் தனிமையானவரா? மனநலச் சிகிச்சை எடுத்துக்கொண்டவரா?

ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். தனியாக இருந்தாலும் மதிப்பெண், கூட்டாளிகள் இருந்து அவர்கள் வழக்கு வாங்கியவர்கள் என்றாலும் மதிப்பெண். மனச்சிக்கலுக்கு மருத்துவரிடம் போனால் அதற்கும் மதிப்பெண்.

இரண்டு கேள்விகளில் நான் ரொம்ப நேரம் நின்றுவிட்டேன். ஒன்று, ஓய்வு நேரத்தை இன்னும் நன்றாகப் பயன்படுத்தியிருக்கலாமா என்பது. இந்தச் சிறுபத்திரிகை வாசகர்களில் யார் இதற்கு நெஞ்சைத் தொட்டு 'இல்லை' என்று சொல்ல முடியும்? டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பின்நவீனத்துவம் பேசியே வயசைத் தொலைத்தவர்கள் நாம். இன்னொன்று பட்டியலின் கடைசியில், மனப்பான்மை என்ற பிரிவில் வருகிறது. தனக்குக் கிடைத்த தண்டனையைப் பற்றி அவருடைய எண்ணம் என்ன? தன்மேல் வைத்திருக்கும் கண்காணிப்பைப் பற்றி? எண்ணம் நல்லபடியாக இல்லை என்றால் அதற்கும் மதிப்பெண் ஏறும். அதாவது இந்தப் பிரதியை எதிர்த்து வாசிக்கிறவனின் எதிர்ப்பையும் பிரதி தன் கணக்கில் வரவு வைத்துக்கொள்கிறது. விமர்சனத்துக்கு வெளியே இடமே வைக்காமல் எழுதப்பட்ட பிரதி.

இந்தக் கருவிகளின் ஆதரவாளர்கள் காரணிகளை இரண்டாகப் பிரிப்பார்கள். மாறாதவை, மாறக்கூடியவை. முதல் கைதான வயது மாறாது. குடி, வேலை, சகவாசம் மாறும், மாற்றலாம். ஜாதகத்தில் கிரகமும் பரிகாரமும் மாதிரி. கிரகத்தை மட்டும் சொல்லிவிட்டு அனுப்பினால் ஜோசியனிடம் யாரும் திரும்பிப் போகமாட்டார்கள். பரிகாரம் இருப்பதால்தான் அவன் பிழைப்பு ஓடுகிறது. கேலிக்காக மட்டும் சொல்லவில்லை. பரிகாரத்துக்கு இடம் கொடுத்ததுதான் ஆண்ட்ரூஸ் மரபு முந்தையதைவிடப் பலம் பெற்றதற்கும் காரணம்.

முந்தையது எது? 1928இல் சிகாகோ சமூகவியலாளர் எர்னஸ்ட் பர்ஜெஸ், இல்லினாய் மாநிலத்தின் மூன்று சிறைகளிலிருந்து பரோலில் போன 3000 ஆட்களின் கோப்புகளை எடுத்துவைத்து, 21 காரணிகளால் யார் நிபந்தனையை மீறுவார்கள் என்று கணிக்கப் பார்த்தார். இவர் கணக்கில் மதிப்பெண் கூடினால் நல்லது. 16 முதல் 21 வரை வாங்கியவர்களில் மீறியவர்கள் 1.5 சதவீதம். 2 முதல் 4 வரை வாங்கியவர்களில் 76 சதவீதம். எண்கள் மிரட்டத்தான் செய்கின்றன. ஆனால் காரணிகளில் ஒன்று அப்பா எந்த தேசத்தவர், எந்த இனம் என்பது. இன்னொன்று 'சமூக வகை'. நாடோடி, உதவாக்கரை, குடிகாரன், தாதா, புதிதாகக் குடியேறியவன், பட்டிக்காட்டுப் பையன். எந்த மூன்றாந்தர நாவலாசிரியனும் இதைவிட அக்கறையோடு பாத்திரம் படைத்திருப்பான். பர்ஜெஸ் வெளிப்படையாக எழுதிவைத்த வசவுகளைப் பிற்காலத்துப் படிவங்கள் நாகரிகமாக உரித்து எடுத்துவிட்டன. உதவாக்கரை என்ற சொல் போய், ஒரு வருஷம் ஒரே வேலையில் இல்லாதவர் என்று வந்துவிட்டது.

ஃபூக்கோவை எடுத்தாளாமல் இந்தப் பக்கங்களில் கட்டுரை எழுதக்கூடாதோ என்று சில நண்பர்கள் கிண்டல் செய்கிறார்கள். இந்த இடத்தில் அவரைத் தவிர்க்க முடியாது. 1977 அக்டோபரில் ஒரு சட்ட, மனநல மருத்துவக் கருத்தரங்கில் 'அபாயகரமான தனிமனிதன்' என்ற கருத்து எப்படி வந்தது என்று அவர் பேசினார். சட்டம் செயலைத் தண்டித்த காலம் போய், செய்தவன் யார் என்று கேட்கிற காலம் வந்தது. அவன் தன்னைப் பற்றிப் பேசியாக வேண்டும், பேசாவிட்டால் இயந்திரம் ஓடாது என்பது அந்த உரையின் சாரம். அவர் அதைப் பேசிய ஊர் டொராண்டோ, அதாவது ஒன்டாரியோவின் தலைநகரம். அதே மாகாணத்தில், கிட்டத்தட்ட அதே வருஷங்களில்தான் நம் பட்டியலும் உருவாகிக்கொண்டிருந்தது. தற்செயல்தான். ஆனாலும் சொல்லாமல் விட மனசு வரவில்லை.

இனி வேற்றுமைக்கு வருகிறேன். தொல்காப்பியச் சொல்லதிகாரத்தில் வேற்றுமை மயங்கியல் என்றே ஓர் இயல் இருக்கிறது. ஒரு வேற்றுமை வரவேண்டிய இடத்தில் இன்னொன்று வந்து நிற்பதைப் பேசுவது. அச்சத்தைக் குறிக்கும் சொல்லோடு ஐந்தாம் வேற்றுமையும் வரலாம், இரண்டாம் வேற்றுமையும் வரலாம், பொருள் மாறாது என்கிறார் தொல்காப்பியர். பழியின் அஞ்சும், பழியை அஞ்சும் என்று உதாரணம் காட்டுவார்கள். பொருள் ஏன் மாறவில்லை? எந்த உருபைப் போட்டாலும் பயம் எதிலிருந்து வருகிறது என்பது குழம்பவில்லை. பழி பழியாகவே இருக்கிறது, அஞ்சுகிறவன் அஞ்சுகிறவனாகவே இருக்கிறான்.

படிவத்தில் நடக்கிற மயக்கம் அப்படிப்பட்டதல்ல. வேலை போனது அவனுக்கு நேர்ந்தது. பள்ளியிலிருந்து வெளியே அனுப்பியது அவனுக்கு நேர்ந்தது. வாடகை கட்ட முடியாமல் வருஷத்துக்கு மூன்று வீடு மாறியதும், அப்பன் அடித்ததும், மனம் பேதலித்ததும் அவனுக்கு நேர்ந்தவை. எல்லாம் 'கு'. படிவத்தின் அடிப்பாகத்தில் கூட்டுத்தொகை போடுகிறபோது ஒரே வீச்சில் எல்லாம் 'ஆல்' ஆகிவிடுகின்றன. அவனால் சமூகத்துக்கு இவ்வளவு ஆபத்து. கொள்வோன் கருத்தா ஆகிவிட்டான். கூட்டல் குறிக்குள் நடக்கிற இந்த உருபு மாற்றத்தை யாரும் கையெழுத்துப் போட்டுச் செய்வதில்லை.

இதற்கு அவர்கள் வைத்திருக்கிற கலைச்சொல்லையே பார்த்தால் போதும். குற்றத்தைத் தூண்டும் தேவைகள் என்பார்கள். தேவை என்றால் ஒருவனுக்கு இல்லாதது, கிடைக்க வேண்டியது. அந்தச் சொல்லையே ஆபத்தின் அளவுகோலாக்கிவிட்டார்கள். டொராண்டோவின் குற்றவியல் ஆய்வாளர் கெல்லி ஹன்னா-மொஃபாட் 1990களிலிருந்து இந்தக் கலப்பைப் பற்றி எழுதிவருகிறார். கனடாவின் பெண் கைதிகளை முன்வைத்து அவர் காட்டியது முக்கியமானது. வன்முறைக்கு ஆளானது, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வது இவையெல்லாம் பெண்களுக்கு உதவி வேண்டும் என்று சொல்ல எடுக்கப்பட்ட விஷயங்கள், அவையே அவர்களைக் கூடுதலாகப் பூட்டிவைப்பதற்கான காரணங்களாகத் திரும்பின. அவர் சமூகவியலின் மொழியில் சொன்னதைத்தான் நான் உருபின் மொழியில் சொல்லிப் பார்க்கிறேன்.

இந்த இடத்தில் தோழர்களோடு எனக்கு ஒரு சின்னத் தகராறு. இந்தக் கருவிகளைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் உடனே காம்பாஸ் என்ற மென்பொருளுக்குத் தாவுகிறார்கள். 2016 மே மாதத்தில் புரோபப்ளிகா என்ற செய்தி நிறுவனம் புளோரிடாவின் ப்ரோவர்ட் கவுண்டியில் கைதான 7000க்கும் மேற்பட்டவர்களின் மதிப்பெண்களை எடுத்து ஆராய்ந்தது. பிற்பாடு குற்றம் எதுவும் செய்யாத கறுப்பர்களில் 44.9 சதவீதம் பேரைக் கருவி ஆபத்தானவர்கள் பக்கம் தள்ளியிருந்தது, வெள்ளையர்களில் 23.5 சதவீதம். நிறுவனம் மறுத்தது, ஒரே மதிப்பெண் வாங்கிய கறுப்பரும் வெள்ளையரும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் திரும்பக் குற்றம் செய்கிறார்கள் என்றது. இரண்டு தரப்பின் எண்களும் சரி. இரு குழுக்களில் கைதாகும் விகிதமே வேறாக இருக்கும்வரை இந்த இரண்டு வகை நியாயமும் ஒரே கருவியில் சேர்ந்து அமையாது என்று கணிதக்காரர்கள் அதே வருஷம் நிறுவிவிட்டார்கள். அந்த விகிதம் ஏன் வேறாக இருக்கிறது, போலீஸ் எந்தத் தெருவில் நிற்கிறது என்ற கேள்வி கணிதத்துக்கு வெளியே கிடக்கிறது. அதே 2016இல் விஸ்கான்சின் மாநில உச்ச நீதிமன்றம் லூமிஸ் வழக்கில், கணக்கிடும் முறை நிறுவனத்தின் வியாபார ரகசியமாகவே இருக்கலாம், நீதிபதிகள் எச்சரிக்கைக் குறிப்போடு மதிப்பெண்ணைப் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டது.

இதெல்லாம் சொல்லப்பட வேண்டியதுதான். ஆனால் நம் வாதம் 'கருவி தவறாகக் கணிக்கிறது' என்பதோடு நின்றால், நாளைக்கு இன்னொருவன் சரியாகக் கணிக்கிற கருவியோடு வந்து நிற்பான். அப்போது என்ன சொல்வோம்? 2018இல் ஜூலியா டிரெசல், ஹானி ஃபரீத் என்ற இரண்டு ஆய்வாளர்கள், காம்பாஸின் துல்லியத்தை எட்ட வயது, முன்தண்டனை எண்ணிக்கை என்ற இரண்டே விவரங்கள் போதும் என்று காட்டினார்கள். காம்பாஸின் கேள்வித்தாளில் இருந்தவை 137 கேள்விகள். கணிப்பதற்கு இரண்டு போதும் என்றால் மற்றது எதற்கு? அப்பா அம்மா பிரிந்தவர்களா, அடிக்கடி சலிப்பு வருகிறதா, பசித்தவனுக்குத் திருட உரிமை உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறாயா? கடைசிக் கேள்விக்கு நம் நவீன இலக்கியத்தில் பாதி, ஆம் என்றுதான் பதில் சொல்லும். கதையில் எழுதினால் மனிதநேயம், படிவத்தில் டிக் போட்டால் குற்றச் சிந்தனை.

என் வாசிப்பில் இந்த உபரிக் கேள்விகளுக்கு வேறு வேலை இருக்கிறது. கண்காணிப்பவனுக்குப் பிடிமானம் கொடுக்கிற வேலை. குடியைப் பற்றிச் சொன்னால் சிறுநீர்ப் பரிசோதனை ஒரு நிபந்தனையாகிறது. சகவாசத்தைச் சொன்னால் இன்னாரோடு பேசக்கூடாது என்பது நிபந்தனை. மதிப்பெண் கூடினால் ஆஜராகும் நாட்களும் கூடும், கூடினால் தவறுவதும் கூடும். இது வெறும் ஊகமில்லை. அமெரிக்காவின் 14 இடங்களில் ஆட்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினரைத் தீவிரக் கண்காணிப்பிலும் மற்றவர்களை வழக்கமான முறையிலும் வைத்துப் பார்த்தார்கள் ஜோன் பீட்டர்சிலியாவும் சூசன் டர்னரும். 1993இல் வெளியான முடிவு: புதிய குற்றங்களுக்காகக் கைதானதில் பெரிய வித்தியாசம் இல்லை. நிபந்தனை மீறல் மட்டும் தீவிரக் கண்காணிப்பில் 65 சதவீதம், மற்றதில் 38. அதிகமாகப் பார்த்தால் அதிகமாகத் தெரிகிறது, அவ்வளவுதான். அமெரிக்க மாநிலச் சிறைகளுக்குள் புதிதாக அனுப்பப்படுகிறவர்களில் 45 சதவீதம் பேர் புரொபேஷன், பரோல் மீறலுக்காகப் போகிறவர்கள் என்றும், மொத்தத்தில் கால் பங்கு வெறும் நிபந்தனை மீறலுக்காக மட்டும் என்றும் மாநில அரசுகளின் கவுன்சில் 2019இல் கணக்குக் கொடுத்தது. ஆஜராகாதது, ஊர் தாண்டியது, கட்டணம் கட்டாதது போன்றவை அந்தக் கால் பங்குக்குள் அடங்கும். 'அவனால்' என்று படிவம் சொன்னது இப்படித்தான் மெய்யாகிறது.

எதிர்வாதத்தைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. படிவம் இல்லாத காலத்தில் என்ன இருந்தது? அதிகாரியின் மூக்கு. அவன் முகம் சரியில்லை, இவன் பேச்சு சரியில்லை என்பதுதான் அளவுகோல். நிபுணரின் உள்ளுணர்வைவிட எளிய கணக்கு பெரும்பாலும் நன்றாகக் கணிக்கிறது என்று பால் மீல் 1954லேயே வாதிட்டார். அதற்கப்புறம் வந்த ஆய்வுகள் அதைப் பெரிதாக மறுக்கவில்லை. படிவத்தையாவது எடுத்துவைத்துக்கொண்டு வழக்காடலாம், மூக்கை எப்படி எடுத்துவைப்பது? நிஜமான கேள்விதான். எனக்குச் சட்டென்று பதில் இல்லை. மூக்குக்குத் திரும்பிப் போ என்று நான் சொல்லவில்லை.

வழக்கும் ஆடினார்கள். ஜெஃப்ரி யூவர்ட் என்ற மெட்டி பழங்குடி மரபினர் கொலைக்கும் கொலை முயற்சிக்கும் ஆயுள் தண்டனை பெற்றவர். செய்தது சின்னக் குற்றமில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் கனடியச் சிறைகளில் இருந்தவர், தன்மேல் பயன்படுத்திய ஐந்து மதிப்பீட்டுக் கருவிகள் பழங்குடியினரிடம் சோதித்துச் சரிபார்க்கப்பட்டவையே இல்லை என்று வழக்குப் போட்டார். 2018 ஜூனில் கனடிய உச்ச நீதிமன்றம், கைதியைப் பற்றிப் பயன்படுத்தும் தகவல் இயன்றவரை துல்லியமாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளும் சட்டக் கடமையைச் சிறைத்துறை மீறிவிட்டது என்று பெரும்பான்மைத் தீர்ப்பு சொன்னது. அரசியலமைப்பு உரிமைகள் மீறப்பட்டன என்ற வாதத்தை ஏற்கவில்லை. நல்ல தீர்ப்புதான். ஆனால் அது கேட்டது தகவல் துல்லியமா என்றுதான். துல்லியமான தகவலும் உருபு மாறி நிற்கலாம் என்பது வழக்கில் வரவில்லை, வந்திருக்கவும் முடியாது. 2022 தொடக்கத்தில் கனடாவின் கூட்டரசுச் சிறைகளில் இருந்தவர்களில் பழங்குடியினர் 32 சதவீதம், பெண் கைதிகளில் சரிபாதி. நாட்டின் மக்கள்தொகையில் அவர்கள் ஐந்து சதவீதத்துக்கும் குறைவு. வீடு மாறுவதும் பள்ளியிலிருந்து வெளியேறுவதும் குடும்பத்தில் ஒருவர் சிறையில் இருப்பதும் அங்கே யாருக்கு நேர்ந்தவை என்பதற்கு ஒரு நூற்றாண்டு வரலாறு இருக்கிறது. குழந்தைகளைப் பிடுங்கிக்கொண்டுபோய் விடுதிப் பள்ளிகளில் அடைத்த வரலாறு அது. 54 கேள்விகளில் அதற்கென்று ஒரு கேள்வி கிடையாது.

நண்பர் இரண்டு மாதம் கழித்து மறுபடி கூப்பிட்டார். யார், எந்த ஊர், என்ன வழக்கு எதையும் அவர் சொல்லமாட்டார், தொழில் கட்டுப்பாடு. நடந்ததை மட்டும் சொன்னார். நான் கொடுத்த சொல்லை வைத்து, "உங்களுக்கு எவ்வளவு ஆபத்து இருக்கு எண்டு பாக்கத்தான் இந்தக் கேள்வியள்" என்று தொடங்கியிருக்கிறார். எதிரே இருந்தவருக்கு முகம் இளகிவிட்டதாம். வந்த நாளிலிருந்து ஒருத்தரும் தன்னை இப்படிக் கேட்டதில்லை என்று சொல்லிவிட்டு, ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசியிருக்கிறார். குடி, தூக்கமின்மை, அண்ணன், ஊரில் நடந்தவை, வேலை போனது. நண்பர் ஒன்றுவிடாமல் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, அதிகாரி குறித்துக்கொண்டே வந்திருக்கிறார். மதிப்பெண் எவ்வளவு என்று நான் கேட்கவில்லை.

"அண்ணே, நான் கொடுத்தது பிழை. அவரால ஆபத்துன்னுதான் மொழிபெயர்த்திருக்கணும். அதான் அந்தப் படிவத்துக்குச் சரியான தமிழ்" என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்பிடிச் சொன்னா ஆர் தம்பி வாய் திறப்பினம்?" என்றார்.